அன்பைப் பேராக வைக்கப் போகிறீர்களா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு மலையாள மருமகள் வந்தபின், பேரனுக்குப் பேர் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. அன்பு என்ற பொருள் வரவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

முதலில் பொருளை அக்கம்பக்கத்து மொழியிலும் கேளுங்கள். 'சினேகம்' மலையாளத்தில் அன்பு. தமிழிலும் தெலுங்கிலும் நட்பு. பெண் குழந்தைக்குச் சினேகா என்றால் இரண்டுமே அழகுதான். ஹபீப் அரபியில் அன்புக்குரியவன். தாவீது எபிரேயத்தில் ஏறக்குறைய அதே பொருள். லத்தீன் வழி வந்த அமாண்டா, நேசிக்கத் தக்கவள். ஜப்பானில் 'ஆய்' என்றாலே அன்பு. ஆனால் நம் வீட்டில் அது ஆயா ஆகிவிடும், எனக்குச் சம்மதமில்லை.

அடுத்து எழுதிப் பாருங்கள். இதை விடவே கூடாது. என் தங்கை மகன் அன்பு. ஓர் அலுவலகத்தில் மலையாளத்தில் 'அம்பு' என்று எழுதிவிட்டார்கள். அன்பு அம்பாகிப் போனது! திருத்த மூன்று முறை பஸ் ஏறினாள். ஆகவே தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள், பதிவானதும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

அவசரப்பட வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பேரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

கடைசியாக, வாசலில் நின்று உரக்கக் கூப்பிடுங்கள். நாங்கள் 28-ஆம் நாள் பேரன் காதில் சொன்னது: அன்புச்செல்வன். கூப்பிடுவது செல்வா.