ரிசஸ் அறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை மறப்பது, ரத்த மாதிரிக் குழாயில் பெயர் எழுதாமல் விடுவது போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை. அவற்றை முதல் வாரத்திலேயே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள். பலத்த காயத்தோடு வருபவரை முதலில் கிடத்திச் சிகிச்சை தொடங்கும் அறையைத்தான் ரிசஸ் என்கிறோம். அங்கே புதிதாக ட்யூட்டிக்கு வருபவர்கள், நாங்கள் ஒரு காலத்தில் இடறிய அதே இடங்களில் வரிசையாக இடறுவதைப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பிபி நார்மல் என்று நிம்மதி அடைவது

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் ஒன்றரை லிட்டர் வரை போன பிறகும் மேல் பிபி 110 காட்டலாம். ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கும். இளைஞர்கள் கடைசிவரை சமாளித்துவிட்டுத் திடீரென்று சரிவார்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் முதியவருக்கோ நாடித் துடிப்புகூட ஏறாது. கையைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று வியர்த்திருக்கிறதா? மூச்சு வேகமாக இருக்கிறதா? கேட்டதற்கு எரிச்சலாகப் பதில் வருகிறதா? பிபி இறங்குவதற்கு முன்பே இவை காட்டிக்கொடுத்துவிடும்.

ஆளைக் குளிரவிடுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காயம் எங்கெல்லாம் என்று பார்க்க உடைகளை வெட்டி எடுக்கிறோம். சரி, அது கட்டாயம். பார்த்து முடித்த பிறகு மூட வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எக்ஸ்ரேக்காக ஈயக் கவசமும் கவுனும் போட்டிருக்கும் நமக்கு வியர்க்கிறது என்று ஏசியைக் கூட்டுகிறோம். அதற்குக் கீழே ஒரு மனிதர் வெற்றுடம்போடு, தன் ரத்தத்திலேயே நனைந்து கிடக்கிறார். அப்புறம் அறை வெப்பநிலையில் இருக்கும் சலைன். அதற்கும் மேலே, ரத்த வங்கியில் 4 டிகிரியில் இருந்து வந்த ரத்தம். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்துவிட்டால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் வழியும் அடைபட்டுவிடும்.

உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. உறைதலுக்கான நொதிகள் மந்தமாகின்றன, தட்டணுக்கள் சரியாக ஒட்டுவதில்லை. உறையாததால் கசிவு நிற்காது. கசிவு நிற்காததால் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் ரத்தத்தில் அமிலம் ஏறும். அமிலம் ஏறினால் உறைதல் இன்னும் கெடும். ரத்தம் போகப் போக உடல் மேலும் குளிரும். இந்தச் சுழலுக்குள் போனவரை வெளியே இழுப்பது மிகக் கடினம். காயமடைந்தவருக்கு 35 டிகிரிக்குக் கீழே போனாலே ஆபத்து.

ஓர் இரவு மழையில் சாலையோரம் வெகுநேரம் கிடந்த ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். மூச்சுப்பாதை, அல்ட்ராசவுண்ட், ரத்தம் ஏற்றியது எல்லாமே கச்சிதம். ஈரத் துணியின் பாதி மட்டும் முதுகுக்கு அடியிலேயே இருந்தது. உடல் வெப்பத்தை யாரும் அளக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் மண்ணீரலை எடுத்த பிறகும் தொட்ட இடமெல்லாம் கசிகிறது என்றார் அறுவை சிகிச்சை மருத்துவர். “உறைதல் ரிப்போர்ட் நார்மல்தானே வந்திருக்கிறது?” என்று ஒரு ஜூனியர் கேட்டார். லேபில் மாதிரியை 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் சோதிப்பார்கள். நோயாளியோ அப்போது 33 டிகிரி. வயிற்றுக்குள் துணி வைத்து அடைத்து, மூடாமலேயே ஐசியூவுக்கு அனுப்பினார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால், ரத்தத்தைச் சூடாக்கும் கருவி ரிசஸ் அறை மூலையில் ப்ளக்கைக்கூடச் செருகாமல் கிடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

ஆம்புலன்ஸ் தகவல் வந்ததுமே ஏசியைக் குறையுங்கள், கருவியை ஓடவிடுங்கள். ஈரத் துணியை முழுவதுமாக எடுங்கள். பார்க்கும் பகுதியை மட்டும் திறந்து, பார்த்ததும் மூடுங்கள். நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். உணவுக்குழாய் அல்லது சிறுநீர்ப்பை வழியாக அளப்பதுதான் உண்மையான அளவு.

ரத்தம் ஏற்றும் முன் ட்யூப் போடுவது

மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட மயக்க மருந்து தேவை. ரத்தம் இழந்தவரை மயக்கினால் பிபி சரியும். வென்டிலேட்டர் அழுத்திக் காற்றை உள்ளே தள்ளும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். மூச்சுப்பாதை தாங்கும் என்றால் முதலில் ரத்தத்தை ஓடவிடுங்கள். மயக்க மருந்தின் அளவையும் குறையுங்கள்.

டிரனெக்சாமிக் ஆசிட்டைத் தள்ளிப்போடுவது

ரத்தக் கசிவைக் குறைக்கும் மருந்து இது. காயமடைந்தவர்களிடம் இறப்பைக் குறைக்கிறது என்று காட்டி 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வுக்குப் பிறகும் இதில் தயக்கம் ஏன் என்று புரியவில்லை. 1 கிராம், 10 நிமிடத்தில். காயம் பட்டதிலிருந்து 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது. அதைத் தாண்டிக் கொடுத்தால் கெடுதலே செய்யலாம்.

கால்சியத்தை மறப்பது

பை பையாக ரத்தம் ஏற்றினால் பையில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்த சிட்ரேட், உறைதலுக்குத் தேவையான கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கொடுங்கள்.

இடுப்புப் பட்டையை மேலே கட்டுவது

உடைந்த இடுப்பெலும்பை இறுக்கிப் பிடிக்கும் பட்டையை பெல்ட் போடும் இடத்தில் கட்டக் கூடாது. தொடையெலும்பின் மேல்முனை பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் மட்டத்தில் கட்ட வேண்டும்.

முதுகைப் பார்க்காதது

குத்துக் காயம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிபி ஏறாத நோயாளியை சிடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவது

அல்ட்ராசவுண்டில் வயிற்றுக்குள் ரத்தம் தெரிகிறது, ரத்தம் ஏற்றியும் பிபி நிற்கவில்லை என்றால் போக வேண்டிய இடம் தியேட்டர்.

டீம் லீடர் கையை நுழைப்பது

கட்டிலின் கால்மாட்டில் நின்று மொத்தத்தையும் பார்ப்பதுதான் அவர் வேலை. நெஞ்சில் குழாய் போடக் குனிந்த நொடியிலிருந்து அந்த அறையில் முழுப்படத்தைப் பார்க்க ஆளில்லை. மருந்து போனதா, எத்தனை பை ரத்தம் ஏறியது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். புதிதாக லீடராக நிற்பவர்களுக்குக் கை துறுதுறுக்கும், புரிகிறது. வேறு வழியே இல்லை, அவர்தான் செய்தாக வேண்டும் என்றால், ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “இனி நீங்கள் லீடர்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் குனியட்டும்.