பல வருஷம் கழித்து செஸ்னா 172: தரையிறக்கம் எனக்குச் சரியான விதம்

செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தைப் பல வருஷம் கழித்து மறுபடி ஓட்டியபோது, ஏறுவதும் திரும்புவதும் முதல் நாளே கைக்கு வந்துவிட்டன. வராமல் படுத்தியது தரையிறக்கம்தான், அதுவும் பக்கக் காற்றில். நம்ம கோயம்புத்தூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றைச் சொல்லவே வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால், முழுச் சுமையோடும் சுமார் 1,100 கிலோ எடையே உள்ள விமானம் எம்மாத்திரம்.

தரை நெருங்கும்போது என் கண் விமானத்தின் மூக்குக்கு நேர் கீழேயே நின்றது, அதனால் கை கட்டுப்பாட்டுப் பிடியைச் சீக்கிரமே இழுத்தது, விமானம் மறுபடி மிதந்து எழும்பியது. பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் சொன்னது ஒன்றுதான்: "ஏனுங்க, ஓடுபாதையோட அந்தக் கடைசியைப் பாருங்க." பார்வையை அங்கே நிறுத்தியதும் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பது தானாகப் புரிந்தது, அப்புறம் இழுப்பும் மெதுவானது.

காற்றுக்கு: கடைசி வரை மூக்கைக் காற்று வரும் பக்கம் சற்றுத் திருப்பி வைத்து வந்து, தரைக்குச் சற்று மேலே எதிர்ப்பக்க ரடரை (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகையின் மிதியை) மிதித்து மூக்கை நேராக்கி, அதே நேரம் காற்று வரும் பக்க இறக்கையைத் தாழ்த்த வேண்டும். அந்தப் பக்கச் சக்கரம் முதலில் தொடும், தொடட்டும். தொட்ட பிறகும் எய்லரானை (இறக்கையைத் தாழ்த்தி உயர்த்தும் பலகையை) விடக்கூடாது, வேகம் குறையக் குறைய காற்று வரும் பக்கம் இன்னும் திருப்ப வேண்டும், இது முக்கியம்.

ஓடுபாதைக்கு நேராக இறங்கி வரும் இறுதி அணுகலில் வேகம் 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.). அது நிலைக்கவில்லையா, யோசிக்காமல் முழு த்ராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்து மேலே ஏறி இன்னொரு சுற்று போய்விடுங்கள்.

வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக் கைகாலை அசைத்துப் பழகியது ரொம்ப உதவியது.