மறதி உள்ள அம்மாவோடு கோலம் போடுவது எப்படி?

அம்மாவுக்கு அல்சைமர். காலையில் சாப்பிட்ட தோசை பத்து மணிக்கு நினைவில் இருக்காது. ஆனால் கோல மாவைக் கையில் எடுத்துவிட்டால் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தாமாகவே இழை இழுக்கும். புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி இந்த நோயில் சீக்கிரமே பழுதாகிறது. கை பழகிய வேலைகளைக் கவனிக்கும் மூளைப்பகுதிகள் வேறு. அவை இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும்.

முன்பே சொல்லிவிடுகிறேன், கோலம் போட்டு நோய் குணமாகாது. அரைமணி நேரம் அம்மா படபடப்பில்லாமல் இருந்தால் எனக்குப் போதும்.

1. தரையில் குனிய வேண்டாம், விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். கை வைத்த நாற்காலி, மேசை, அதன்மேல் ஒரு கறுப்புத் தட்டு. வெள்ளை மாவு அதில் பளிச்சென்று தெரியும்.

2. கடைக் கோலப்பொடி பெரும்பாலும் கல்மாவு. வாயில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு, அதனால் அரிசி மாவே எடுங்கள். கை நடுங்கினால் சிலேட்டும் சாக்பீஸும்.

3. காலையில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலமானால் பலருக்குக் குழப்பம் கூடும்.

4. புள்ளியை நீங்களே வைத்துவிடுங்கள். எண்ணி வைப்பதுதான் அவர்களுக்குச் சிரமம். மார்கழியில் 15 புள்ளிக் கோலம் போட்ட கையாயிற்றே என்று முதல் நாள் ஆசையாக 7 புள்ளி இடுக்குப்புள்ளி (ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசை) வைத்தேன். நாலாவது வரிசையில் வழி தப்பி, தட்டையே தள்ளிவிட்டார் அம்மா. இப்போதெல்லாம் 3 புள்ளி, 3 வரிசை, புள்ளிக்கு நேராகப் புள்ளி வரும் நேர்ப்புள்ளி. அதைத் தாண்டுவதில்லை.

5. "ஞாபகம் இருக்காம்மா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது பரீட்சை வைப்பது மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து முதல் வளைவை நீங்கள் போடுங்கள். கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டுச் சும்மா இருங்கள். கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் கை வரும். புள்ளிகளைச் சுற்றி வளையும் சிக்குக் கோடு எங்கேயாவது தப்பினாலும் திருத்த வேண்டாம், கோலம் யாருக்காகவும் இல்லையே.

சரி, கோலமே போட்டறியாத அப்பாக்களுக்கு? அந்தக் கை எதற்குப் பழகியதோ அதைக் கொடுங்கள். தையற்காரராக இருந்தவர் என்றால் ஒரு துண்டுத் துணியும் அதில் கோடு போடும் தையல் சாக்பீஸும்.

களைப்பு தெரிந்தால் பாதியிலேயே நிறுத்திவிடலாம். அவர் எழுவதற்கு முன் கீழே சிந்திய மாவைத் துடைத்துவிடுங்கள், மொசைக் தரையில் பயங்கரமாக வழுக்கும்.