வெள்ளிப் பாத்திரம் கறுக்காமல் இருக்க

வெள்ளி ஸ்பூன், கிண்ணம், டம்ளரை பீரோவில் வைக்கும் முன் ஈரம் போகத் துடைத்து, துவைத்த பழைய பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி ஜிப் கவரில் போடுங்கள். காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் கூட இருக்கட்டும்.

காற்றில் உள்ள கந்தக வாயு பட்டால் வெள்ளியின் மேல் கறுப்பாக வெள்ளி சல்பைடு படியும். ஈரம் அதை வேகப்படுத்தும். மதுரையில் சித்திரை வெயிலை விட ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் கூடுதல் கவனம் வேண்டும். கவருக்குள் புதுக் காற்றும் ஈரமும் போகாததால் பளபளப்பு நிற்கிறது.

ஸ்பூன்களைக் கட்டாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் மட்டும் போடவே போடாதீர்கள். ரப்பரிலேயே கந்தகம் இருக்கிறது; துணிக்கு மேல் போட்டாலும் அந்த இடத்தில் கறுப்புக் கோடு விழும், தேய்த்தாலும் லேசில் போகாது. வேண்டுமானால் பருத்தி நூலால் கட்டுங்கள்.

தினமும் புழங்கும் குழந்தையின் பாலாடை, கிண்ணத்துக்கு இதெல்லாம் வேண்டாம்; கழுவித் துடைத்துப் புழங்குவதே அவற்றைப் பளிச்சென்று வைக்கும். ஏற்கெனவே கறுத்த பாத்திரத்துக்கும் இது உதவாது, முதலில் பாலிஷ் போட்டாக வேண்டும்.