சுவர் சுவிட்சை அணைத்தால் ஸ்மார்ட் பல்ப் வேலை செய்யாது: மாட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஸ்மார்ட் பல்ப் மாட்டிய வீட்டில் முதலில் வரும் தகராறு இதுதான்: யாரோ பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள், ஆப்பில் அந்த விளக்கு ‘ஆஃப்லைன்’ என்று காட்டும். பல்ப் கெட்டுப்போகவில்லை. கரண்ட் இல்லாவிட்டால் அதற்குள் இருக்கும் வைஃபை சிப்பும் செத்துவிடும், அவ்வளவுதான். அதனால் எந்த பல்ப் என்று பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு அறையிலும் விளக்கைப் போட கை எங்கே போகிறது என்று பாருங்கள்.

நிறமும் வெளிச்சமும் மாற வேண்டிய படுக்கையறை, படிக்கும் மேசை போன்ற இடங்களுக்கு ஸ்மார்ட் பல்ப் சரி. போட்டு அணைத்தால் போதும் என்கிற இடத்தில், அதுவும் ஒரே சுவிட்சில் நாலு விளக்கு எரிகிற ஹாலில், சாதாரண எல்இடியையே வைத்துக்கொண்டு சுவிட்ச் பெட்டிக்குள் ஸ்மார்ட் மாட்யூல் (சுவிட்சின் பின்னால் மாட்டும், ஆப்பில் இயங்கும் சின்னக் கருவி) போடுவதே நல்லது. சுவிட்சும் வேலை செய்யும், ஆப்பும் வேலை செய்யும். ஆனால் பெரும்பாலான மாட்யூல்களுக்கு நியூட்ரல் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், வேண்டும். பல சுவிட்ச் பெட்டிகளில் அது இருக்காது. வாங்கும் முன் எலக்ட்ரீஷியனை வைத்து, மெயினை அணைத்துத் திறந்து பார்த்துவிடுங்கள். நியூட்ரல் இல்லாமல் ஓடும் மாட்யூல்களும் உண்டு. அவை விளக்கு வழியாகவே கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொள்வதால், குறைந்த வாட் எல்இடி அணைத்த பிறகும் மங்கலாக எரியும் அல்லது துடிக்கும். விளக்கின் பக்கம் பைபாஸ் கெபாசிட்டர் (அந்தக் கரண்டுக்கு மாற்று வழி தரும் சின்னப் பாகம்) போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

பழைய டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) இருக்கும் பாயிண்டில் ஸ்மார்ட் பல்ப் மாட்டவே கூடாது. டிம்மர் மின் அலையை வெட்டி அனுப்பும். பல்புக்குள் இருக்கும் சர்க்யூட் அதைத் தாங்காது. முதலில் ஙொய்யென்று சத்தம், பிறகு துடிப்பு, கடைசியில் பல்பே போய்விடும். டிம்மரைக் கழற்றி சாதாரண சுவிட்ச் போடுங்கள்.

இனி இணைப்பது. பல ரூட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும்; பெரும்பாலான வைஃபை பல்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். இணைப்பு நடக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே.

1. ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து, போனையும் அதில் சேருங்கள். ரூட்டரின் வைஃபை பாதுகாப்பு அமைப்பில் டபிள்யூபிஏ3 (புது வகை) மட்டும் என்று இருந்தால் பல பல்புகள் சேராது, டபிள்யூபிஏ2-வும் இருக்கட்டும்.
2. போனில் விபிஎன், மொபைல் டேட்டா இரண்டையும் நிறுத்துங்கள். ஆப் கேட்கும் இருப்பிட, ப்ளூடூத் அனுமதிகளைக் கொடுங்கள்.
3. மேட்டர் (பல கம்பெனிகளின் ஸ்மார்ட் கருவிகளுக்கான பொதுத் தரம்) முத்திரை உள்ள பல்பில் க்யூஆர் குறியீடும் 11 இலக்க எண்ணும் இருக்கும். ஹோல்டரில் மாட்டும் முன் போட்டோ எடுத்து வையுங்கள்; பின்னால் ரீசெட் செய்தால் தேவைப்படும்.
4. புது பல்ப் தானாகவே வேகமாகக் கண் சிமிட்டும். சிமிட்டாவிட்டால் சுவிட்சைப் போட்டு அணைத்து ரீசெட் செய்ய வேண்டும். எத்தனை முறை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டில் பாருங்கள். படபடவென்று தட்டாதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் மிச்சம் கரண்ட் நிற்பதால், வேகமாக அணைத்தது அணைத்ததாகவே கணக்கில் ஏறாது. ஒரு நொடி போட்டு, ஒரு நொடி அணையுங்கள்.

அடுத்து ஆப்பில், கரண்ட் போய் வந்தால் விளக்கு என்ன நிலைக்கு வர வேண்டும் என்ற அமைப்பைத் தேடுங்கள். இதை விட்டுவிட்டால் நடுராத்திரி கரண்ட் வரும்போது படுக்கையறை விளக்கு முழு வெளிச்சத்தில் எரியும். அங்கே ‘கடைசி நிலை’ வையுங்கள். படிக்கட்டிலும் குளியலறையிலும் ‘எரியட்டும்’ என்று வையுங்கள். சுவிட்சை அணைத்துப் போட்டாலே வெளிச்சம் வந்துவிடும், போன் இல்லாத பெரியவர்கள் இருட்டில் தடுமாற வேண்டாம். சுவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் பேட்டரியில் ஓடும் ஒரு வயர்லெஸ் பட்டன் ஒட்டினால் இன்னும் நல்லது.

பதினைந்து இருபது பல்புகளுக்கு மேல் போவதானால், வைஃபைக்குப் பதில் ஜிக்பீ என்ற வேறு வயர்லெஸ் முறையில் பேசும் பல்புகளையும், அவற்றை இணைக்கும் ஜிக்பீ ஹப்பையும் வாங்குங்கள். சாதாரண ரூட்டருக்கு அத்தனை இணைப்புகள் சுமைதான். ஜிக்பீ பல்புகள் ஒன்றுக்கொன்று சிக்னலைக் கடத்தும். நடுவில் ஒன்றின் சுவிட்சை அணைத்தால் அதற்கு அப்பால் இருப்பவையும் தடுமாறலாம். ஹப்பை ரூட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். வைஃபை 1, 6, 11 சேனல்களில் எதில் இருந்தாலும் ஜிக்பீயின் 25-ஆம் சேனல் அதோடு மோதாது.

ஒரு பல்ப் மட்டும் வெகுநேரம் எரிந்தபின் இணைப்பு விட்டு, ஆறியதும் திரும்பி வருகிறதா? மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சூடுதான் காரணம், ரூட்டர் இல்லை.

ரூட்டர் மாற்றும்போது பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புதிதில் வையுங்கள். பல்புகள் பெரும்பாலும் தானாகச் சேர்ந்துகொள்ளும். பழைய பல்பை யாருக்காவது கொடுப்பதானால் ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள், உங்கள் வைஃபை பாஸ்வேர்ட் அதற்குள் இருக்கிறது.