கென்னடி கொலை பற்றிய ஒரு சதிக்கூற்றைச் சோதிப்பது எப்படி?

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி 1963 நவம்பர் 22 அன்று, டல்லாஸ் நகரின் டீலி பிளாசா வழியே திறந்த காரில் சென்றுகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டை இரண்டு நாள் கழித்து, காவல் தலைமையகத்தின் அடித்தளத்தில், தொலைக்காட்சி நேரலையில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, ஜாக் ரூபி என்பவர் சுட்டுக் கொன்றார். வழக்கு நீதிமன்றத்துக்கே வராமல் போனதால், குறுக்கு விசாரணையில் தெளிந்திருக்க வேண்டிய கேள்விகள் இன்றுவரை பொதுவெளியில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றை நீங்களே சோதிக்க விரும்பினால், கீழ்க்காணும் முறை உதவும்.

முதலில் கூற்றைச் சுருக்குங்கள். ‘அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏதான் செய்தது’ என்பதைச் சோதிக்க வழியில்லை. ‘ஒரே தோட்டா இருவரைத் துளைத்திருக்க முடியாது’ என்பதைச் சோதிக்கலாம். யார், எங்கிருந்து, எப்போது, எதைக் கொண்டு என்ற நான்கில் ஒன்றுக்குக்கூட விடை தராத கூற்றை, விடை கிடைக்கும்வரை ஒதுக்கி வைப்பதே நல்லது.

அந்தத் தோட்டாவையே எடுத்துக்கொள்வோம். இரண்டாவது துப்பாக்கியைப் பற்றிய கோட்பாடுகள் பெரும்பாலும் இங்கேதான் வேர்கொண்டுள்ளன. ஆபிரகாம் ஜாப்ரூடர் என்ற பார்வையாளர் எடுத்த 26 நொடிப் படச்சுருள், நொடிக்குச் சராசரி 18.3 ஃபிரேம் வேகத்தில் பதிவானது. ஆஸ்வால்டின் துப்பாக்கியால் ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுடக் குறைந்தது 2.3 நொடி, அதாவது ஏறத்தாழ 42 ஃபிரேம் ஆகும் என்று அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் சோதனையில் தெரிந்தது. கென்னடியும், அவருக்கு முன்னால் அமர்ந்திருந்த டெக்சஸ் ஆளுநர் ஜான் கானலியும் அடிபட்டதைக் காட்டும் காட்சிகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே இருவர் சுட்டிருக்க வேண்டும், இல்லையேல் ஒரே தோட்டா இருவரையும் துளைத்திருக்க வேண்டும். கொலையை விசாரிக்க அரசு அமைத்து, 1964இல் அறிக்கை அளித்த வாரன் ஆணையம் இரண்டாவதையே ஏற்றது.

அத்தோட்டா காற்றிலேயே வலமும் இடமுமாகத் திரும்பியதாகக் காட்டும் வரைபடங்கள் ஏராளம். அவற்றைப் பார்க்கையில் தோட்டாவை விட்டுவிட்டு இருக்கைகளைக் கவனியுங்கள். கானலி அமர்ந்திருந்தது மடக்கு இருக்கை. அது பின்னிருக்கையைவிடச் சுமார் மூன்று அங்குலம் தாழ்ந்தும், கதவிலிருந்து உட்புறமாகத் தள்ளியும் இருந்தது. அவருடைய உடலும் வலப்பக்கம் திரும்பியிருந்தது. இருவரையும் ஒரே உயரத்தில், ஒருவர் பின் ஒருவராக நேர்கோட்டில் வரைந்தால்தான் தோட்டா வளைய வேண்டியிருக்கிறது; இருந்த இடத்தில் இருத்தினால் வளைய வேண்டிய தேவை மறைகிறது. எனினும், தம்மைத் தாக்கியது வேறு தோட்டா என்றே கானலி சாட்சியம் அளித்தார் என்பதையும் உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். நமக்கு ஒவ்வாத சாட்சியத்தை விட்டுவிட்டுச் செய்யும் சோதனை சோதனையாகாது.

அடுத்து, அதிகாரபூர்வமான அமைப்பொன்றை யாரேனும் மேற்கோள் காட்டினால், அதன் முடிவை முழுமையாகப் படியுங்கள். கென்னடி ‘அநேகமாக’ ஒரு சதியின் விளைவாகவே கொல்லப்பட்டார் என்று நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபையின் சிறப்புக் குழு 1979இல் கூறியது உண்மை. ஆனால் கென்னடியைக் கொன்ற தோட்டாவைச் சுட்டவர் ஆஸ்வால்டே என்றும், டீலி பிளாசாவில் பாதையோரம் இருந்த புல்மேட்டிலிருந்து வந்ததாகக் கருதப்பட்ட குண்டு எவர்மீதும் படவில்லை என்றும் அதே குழு கூறியதை, மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. புல்மேட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட அந்தக் குண்டுக்கு முதன்மையான ஆதாரம் காவல்துறை வானொலியின் ஒலிப்பதிவு. 1982இல் அதை ஆராய்ந்த தேசிய அறிவியல் கழகக் குழு, வெடியொலி எனக் கருதப்பட்ட ஒலிகளின் மேலேயே, மற்றொரு அலைவரிசையில் ஷெரீஃப் பிறப்பித்த ஆணையின் குரல் மெலிதாகப் பதிந்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. அந்த ஆணை கொலை நடந்து சுமார் ஒரு நிமிடம் கழித்துப் பிறப்பிக்கப்பட்டது. ஆகவே அவ்வொலிகள் துப்பாக்கி வெடித்தவையாக இருக்க முடியாது என்பது அக்குழுவின் முடிவு.

இனி, பலரும் இடறும் இடத்துக்கு வருவோம். ஓர் அரசு அமைப்பு எதையோ மறைத்தது என்பதும், அதுவே கொலை செய்தது என்பதும் இரண்டு தனித்தனிக் கூற்றுகள். இரண்டுக்கும் தனித்தனிச் சான்று கேளுங்கள். மறைத்ததற்குச் சான்று இருக்கிறது. கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவைக் கொல்ல மாஃபியாவுடன் சேர்ந்து சிஐஏ தீட்டிய திட்டங்கள் வாரன் ஆணையத்திடம் தெரிவிக்கப்படவில்லை. அத்திட்டங்கள் தொடங்கிய காலத்தில் சிஐஏவின் தலைவராயிருந்த ஆலன் டல்லஸ், அந்த ஆணையத்தின் உறுப்பினராகவே அமர்ந்திருந்தார். கொலைக்கு முன்பு ஆஸ்வால்ட் எஃப்பிஐயின் டல்லாஸ் அலுவலகத்தில் கொடுத்துச் சென்ற கடிதம், அவர் இறந்த பின் அழிக்கப்பட்டது. இவ்விரண்டும் 1975இல்தான் அதிகாரபூர்வமாக உறுதியாயின. இவை மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இவற்றைக் கொண்டு டீலி பிளாசாவில் இரண்டாவது துப்பாக்கியை நிறுவ முடியாது. ஆஸ்வால்ட் தனியே சுட்டார் என்பதற்கே சான்றுகள் வலுவாக உள்ளன என்பது என் முடிவு.

‘புதிதாக வெளியான ஆவணம்’ என்று ஒருவர் காட்டினால், அதன் பதிவெண்ணைக் கேளுங்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய ஆவணக் காப்பகத்தில் திரட்டப்பட்ட ஆவணங்களுக்கு 13 இலக்க எண் உண்டு. 104 என்று தொடங்கினால் சிஐஏ, 124 என்று தொடங்கினால் எஃப்பிஐ. அந்த எண்ணைக் கொண்டு காப்பகத்தின் இணையதளத்தில் மூல ஆவணத்தைத் தேடி, முதலில் அது யார் யாரிடம் சொல்லக் கேட்டு எழுதப்பட்டது என்று பாருங்கள். தொலைபேசியில் வந்த வதந்தியும் எஃப்பிஐ கோப்பில் தாளாகவே இருக்கும். பிறகு அதே எண்ணுக்குரிய முந்தைய வெளியீட்டை எடுத்து, அப்போது கறுப்பு மை பூசி மறைத்திருந்த வரிகளில் இப்போது என்ன இருக்கிறது என்று வரிவரியாக ஒப்பிடுங்கள்.