அணுச் சில்லில் கை வைப்பதற்கு முன்: புதியவர்கள் செய்யும் தவறுகள்

கும்பகோணம், மன்னார்குடி கல்லூரிகளில் எம்.எஸ்சி. முடித்துவிட்டுக் குளிர் அணு ஆய்வகங்களுக்கு (அணுக்களை லேசரால் மிகவும் குளிரவைத்து ஆராயும் இடங்களுக்கு) போகும் பிள்ளைகள், புறப்படுவதற்கு முன் தஞ்சாவூரில் என்னிடம் சில வாரம் பழகிவிட்டுப் போகிறார்கள். தங்கத் தடங்களில் மின்சாரம் செலுத்தி, அதன் காந்தப்புலத்தால் ருபீடியம் அணுக்களை வெற்றிடத்தில் பிடித்து வைக்கும் அணுச் சில்லு என்னிடம் இல்லை. செப்புத் தடம் அச்சிட்ட பலகை, ஒரு மின்வழங்கி, காந்தப்புலம் அளக்க ஓர் உணரி, அவ்வளவுதான். அதிலேயே எங்கள் காலத்துத் தவறுகளை ஒன்று விடாமல் செய்கிறார்கள். லேசர் ஒளியைக் கண்ணில் வாங்காதே என்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை.

ஆம்பியரை மட்டும் பார்ப்பது

50 மைக்ரான் அகலம், 4 மைக்ரான் தடிமன் உள்ள தடத்தில் 2 ஆம்பியர் விட்டால், சதுர சென்டிமீட்டருக்கு 10 லட்சம் ஆம்பியர் என்று கணக்கு வரும். சூடு இரண்டு கட்டமாக ஏறும். தடத்துக்கும் அதற்கு அடியில் உள்ள சிலிக்கானுக்கும் நடுவே உள்ள ஆக்சைடு படலத்தால் வரும் முதல் ஏற்றம் மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடும். பிறகு சிலிக்கானும் அதைத் தாங்கும் செப்புக் கட்டையும் மெல்லச் சூடாகும். வாய்க்காலில் வந்தது வடிகாலில் போகாவிட்டால் பயிர் அழுகும் என்று டெல்டாப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாம். சில்லுக்கு வடிகால் அந்தச் செப்புக் கட்டைதான்.

ஆனால் இவர்கள் மின்வழங்கியின் திரையில் 2.00 ஆம்பியர் அசையாமல் நிற்பதைப் பார்த்து நிம்மதியடைகிறார்கள். அது நிற்கத்தான் செய்யும், அதற்குத்தானே வாங்கி வைத்திருக்கிறோம்! தங்கம் 100 டிகிரி சூடேறினால் மின்தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே மின்னோட்டத்தைத் தள்ள மின்வழங்கி வோல்ட்டேஜை ஏற்றும். சூடு இன்னும் கூடும். கண் இருக்க வேண்டிய இடம் வோல்ட் எண்.

நான் வேலை செய்த ஓர் ஆய்வகத்தில், சில நூறு மில்லி நொடி ஓட வேண்டிய மின்னோட்டம், கணினி நிரல் நடுவில் உறைந்ததால் அணையவே இல்லை. நிரலை எழுதியவர் சாப்பிடப் போயிருந்தார். வந்து பார்த்தால் தடத்தின் நடுவில் ஒரு கருப்புப் புள்ளி. சில்லை மாற்ற வெற்றிடக் கலத்தைத் திறக்க வேண்டும். நைட்ரஜன் நிரப்பித் திறந்து, மூடி, பம்ப் ஓட்டி, 100 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் சூடாக்கி, அழுத்தத்தை மறுபடி மில்லிபாரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்குக் கொண்டுவர வேண்டும். இத்தனையும் ஒரு வோல்ட்டேஜ் வரம்பும் ஒரு சாதாரண டைமர் சர்க்யூட்டும் வைக்காததால்! "அதை மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று இன்றும் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. வரம்பு கணினிக்கு வெளியே இருக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும் கணத்தில் சில மின்வழங்கிகள் மின்னோட்டத்தைத் திடீரென உதைத்துத் தள்ளும் என்பதையும் ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சாவூரில் இருந்தவர்கள் மறக்கக் கூடாது.

ஜெர்மன் ஆய்வேட்டிலிருந்து ஈடுசெய்யும் சுருளின் எண்களை எடுப்பது

ஈடுசெய்யும் சுருளின் வேலை பூமியின் காந்தப்புலத்தை ரத்து செய்வது. மியூனிக்கில் அந்தப் புலம் தரைக்குள் நன்றாகச் சரிந்து இறங்குகிறது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவதால், நம் ஊரில் அது கிட்டத்தட்ட கிடைமட்டமாக வடக்கு நோக்கி, சுமார் 0.4 காஸ் அளவில் இருக்கிறது. பொறியில், அதாவது காந்தப்புலம் அணுக்களைப் பிடித்து வைக்கும் இடத்தில், உள்ள ருபீடியத்துக்கு 1 காஸ் மாற்றம் என்பது 67 மைக்ரோ கெல்வின் வெப்பநிலைக்குச் சமமான ஆற்றல். போகும் ஊரில் அளந்து பார்த்துவிட்டுச் சுருளுக்கு மின்சாரம் கொடுங்கள்.

யூ வடிவத் தடத்தில் கடைசிவரை குளிர்விப்பது

யூ வடிவத் தடம் உருவாக்கும் பொறியின் நடுவில் காந்தப்புலம் பூச்சியம். அங்கே அணுவின் தற்சுழற்சி திசை புரண்டு, அணு பொறியை விட்டு ஓடிவிடும். நடுவில் புலம் பூச்சியமாகாத இசட் வடிவத்துக்கு மாறுங்கள்.

பரப்பை நெருங்கும் ஆசை

இரண்டை ஆம்பியரால் பெருக்கி, வெளிப்புலத்தின் காஸால் வகுத்தால், பொறியின் உயரம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 2 ஆம்பியர், 40 காஸ் என்றால் 0.1 மில்லிமீட்டர். ஆம்பியரை 0.2 ஆக்கினால் 10 மைக்ரான் என்று உடனே நோட்டில் எழுதிவிடுகிறார்கள். இந்தக் கணக்கு மெல்லிய கம்பிக்கு. 50 மைக்ரான் அகலத் தடத்துக்கு அவ்வளவு அருகில் பொருந்தாது. பொருந்தினாலும் தடத்தின் ஓரம் கரடுமுரடாக இருந்தால் மின்னோட்டம் வளைந்து வளைந்து ஓடும். 2001-இல் மியூனிக், டூபிங்கன் குழுக்கள் சில்லின் மேல் போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளை (மிகக் குளிர்ந்த அணுக்கள் எல்லாம் ஒரே குவாண்டம் நிலையில் சேர்ந்த திரளை) உருவாக்கின. அடுத்த ஆண்டே, தடத்தை நெருங்கிய அணுத்திரள் துண்டு துண்டாக உடைவதை டூபிங்கன் குழுவினர் பார்த்தார்கள்.

நகர்த்தும்போது அவசரம்

கிளப்புவதும் நிறுத்துவதும் மெல்ல. வளைந்து செல்லும் இரண்டு தடங்களில், கால் சுற்று இடைவெளியில் ஏறி இறங்கும் மின்னோட்டங்கள் பொறியைத் தள்ளிக்கொண்டு போகும். அணுக்கள் எதிர்த்திசையில் போனால் சில்லைக் குறை சொல்லாதீர்கள். முதலில் இரண்டு கேபிளும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.